செஸ்னா 172-க்கு எந்த வேகத்தில் மைலேஜ் அதிகம்?

விமானம் ஓட்டுகிறேன் என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி "பயமா இல்லையா", இரண்டாவது கேள்வி மைலேஜ். சித்தப்பா போனில் கேட்டார், "லிட்டருக்கு எவ்வளவுப்பா குடுக்கும்?" பார்த்து ஓட்டினால் எட்டு கிலோமீட்டர் வரும் என்றேன். "அவ்வளவுதானா? நம்ம அம்பாசடரே அதக் குடுக்குமே!" என்று சிரித்துவிட்டு, "சரி, பைக்னா நாப்பதுல போனா நல்லாக் குடுக்கும், இதுல எந்த வேகத்துல போகணும்?" என்று அடுத்ததைப் போட்டார். விமானக்காரர்களே பல பேர் கேட்காத கேள்வி அது. நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேர் மேலே ஏறியதும் த்ராட்டிலை ஒரு பழக்கப்பட்ட இடத்தில் வைப்பார்கள், அப்புறம் இறங்கும்வரை அதைத் தொடமாட்டார்கள்.

நான் இருப்பது டாலஸ் பக்கம். சில நண்பர்கள் சேர்ந்து ஒரு செஸ்னா 172என் வைத்திருக்கிறோம், எழுபதுகளின் கடைசி மாடல். 160 குதிரைத்திறன் லைகமிங் ஓ-320 இன்ஜின், கார்புரேட்டர், கோணம் மாற்ற முடியாத ப்ரொப்பெல்லர். பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 40 கேலன், அதாவது 150 லிட்டர் சொச்சம். இங்கே எல்லாம் அமெரிக்க கேலன்தான், ஒன்றுக்கு 3.785 லிட்டர். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். கீழே வரும் எண்கள் எங்கள் வண்டியுடையவை. உங்களுடையது வேறு மாதிரி இருக்கும், ஆனால் வளைவு இதே வடிவம்தான்.

முதலில் தியரி, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இறக்கை வைத்துப் பறக்கும் எதற்கும் இரண்டு விதமான இழுவை உண்டு. ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் வருவது, வேகம் இரட்டிப்பானால் இது நான்கு மடங்காகும். மற்றது எடையைத் தாங்கிப் பிடிப்பதற்காக இறக்கை கட்டும் வரி. இது நேர் எதிர், மெதுவாகப் போகப் போகக் கூடும். இரண்டும் சமமாகிற வேகத்தில்தான் மொத்த இழுவை மிகக் குறைவு. அந்த வேகத்தை நீங்கள் எங்கும் போய்த் தேட வேண்டாம், இன்ஜின் நின்றுபோனால் இந்த வேகத்தில் சறுக்கு என்று விமானக் கையேட்டில் போட்டிருப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். 172என்-க்கு முழு எடையான 2,300 பவுண்டில் 65 நாட். ப்ரொப்பெல்லர் விமானத்தில் ஒரு மைலுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதை இழுவைதான் தீர்மானிக்கிறது, ஆகவே காற்றில்லாத நாளில், ஏட்டுக் கணக்கில், அதிக மைலேஜ் அந்த 65-ல்தான்.

65 நாட் என்றால் மணிக்கு 75 மைல். டெக்சாஸ் நெடுஞ்சாலைகள் பலவற்றில் கார்களுக்கான வேக வரம்பே அதுதான். மூக்கைத் தூக்கிக்கொண்டு, கன்ட்ரோல் எல்லாம் தொளதொளவென்று, கீழே போகும் லாரி நம்மை முந்துவதைப் பார்த்துக்கொண்டே போவதற்கா விமானம் வாங்கினோம்? இதைவிட மெதுவான இன்னொரு வேகம் உண்டு, அதிக நேரம் மேலே தாக்குப்பிடிப்பதற்கானது. அது இந்த வேகத்தில் 0.76 பங்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 172-க்கு அந்தக் கணக்கு 50 நாட் பக்கம் வந்து இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் ஸ்டால் வேகத்தை உரசிக்கொண்டு நிற்கும், அதனால் அதை மறந்துவிடலாம்.

அமெரிக்கக் கடற்படை அகாடமியில் பேராசிரியராக இருந்த கார்சன் என்பவர் 1980களின் தொடக்கத்தில் கேள்வியையே மாற்றிக் கேட்டார். குறைந்த பெட்ரோல் எந்த வேகத்தில் என்பதை விட்டுவிட்டு, கூடுதலாக எரிக்கும் பெட்ரோலுக்குக் கூடுதல் வேகம் எந்த இடம்வரை லாபமாகக் கிடைக்கிறது என்று பார்த்தார். விடை ரொம்ப எளிது: அந்தச் சறுக்கு வேகத்தை 1.32-ஆல் பெருக்கு. அங்கே ஒரு மைலுக்குப் பெட்ரோல் 15.5 சதவீதம் கூடுகிறது, வேகம் 32 சதவீதம் கூடுகிறது. அதற்கு மேல் போகப் போக பேரம் நமக்கு எதிராகத் திரும்புகிறது. 172என்-க்கு இது ஏறக்குறைய 86 நாட் இன்டிகேட்டட், அதாவது வேகமானி காட்டுவது. 8,000 அடியில் காற்று லேசாக இருப்பதால் நிஜ வேகம் 97 நாட் பக்கம் வரும். ஒப்பிட்டுப் பாருங்கள்: கையேட்டில் போட்டிருக்கும் 75 சதவீத பவர், 8,000 அடியில் 122 நாட். அது இன்டிகேட்டடில் 108. அங்கே இழுவை, குறைந்தபட்ச இழுவையைவிட 56 சதவீதம் அதிகம்.

ஆனால் இந்த 56 சதவீதம் அப்படியே பெட்ரோல் பில்லில் தெரியாது. கையேடே அதைக் காட்டிக்கொடுக்கிறது. 40 கேலனுக்கு, 45 நிமிட ரிசர்வ் போக, 75 சதவீத பவரில் 8,000 அடியில் 485 கடல் மைல் (ஒன்று 1.852 கிலோமீட்டர்), 4.1 மணி நேரம். அதிகபட்ச தூரத்துக்கான கணக்கில் 10,000 அடியில் 575 கடல் மைல், 5.7 மணி நேரம். தூரம் 19 சதவீதம் கூடுவதற்கு நேரம் 39 சதவீதம் கூடுகிறது. தியரி சொன்ன லாபத்தில் பாதி எங்கே போனது? இன்ஜின் தன் சொந்த உராய்வுக்கே ஒரு பங்கைத் தின்னும், பவரைக் குறைத்தாலும் அந்தப் பங்கு அதே அளவில் குறையாது. த்ராட்டிலைப் பாதி மூடினால் காற்றை உறிஞ்சுவதற்கே இன்ஜின் மெனக்கெட வேண்டும். ப்ரொப்பெல்லரும் ஒரே ஒரு வேகத்துக்குத் தோதாகச் செதுக்கப்பட்டது. ஆகவே அட்டவணையைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பது பெரிய வித்தை இல்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். விடியற்காலையில் போங்கள். டெக்சாஸ் கோடையில் பத்து மணிக்கு மேல் காற்று மேலும் கீழும் தூக்கிப் போடும், அப்போது எடுத்த எண் எதற்கும் உதவாது. உயரம் காட்டும் ஆல்டிமீட்டரை நிலையான அழுத்தமான 29.92-க்கு வைத்து ஒரு உயரத்தைப் பிடித்து, ஆர்பிஎம்மை வைத்து, மிக்ஸ்சரை, அதாவது பெட்ரோலும் காற்றும் சேரும் கலவையைச் சரிசெய்து, பிடிக்காமலே மூக்கு நிலையாக நிற்கும்படி ட்ரிம் செய்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். 172 கனமான வண்டி இல்லைதான், இருந்தும் கடைசி இரண்டு மூன்று நாட் வந்து சேர நிமிடக்கணக்கில் ஆகும். அதற்குள் எழுதிக்கொண்டால் தப்பான எண்தான் கிடைக்கும். வேகம் நிலைத்தபின் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு திசையிலும் ஜிபிஎஸ் வேகத்தை எழுதிச் சராசரி எடுத்தால் காற்றின் பங்கு ஏறக்குறையக் கழிந்துவிடும். பக்கத்தில் ஒரு ஆளை உட்காரவைத்து எழுதச் சொல்வது உத்தமம். நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு கருவிகளை நம்பாதீர்கள். ஒன்று ஆர்பிஎம் மீட்டர். பழைய விமானத்தில் இது கேபிளால் சுற்றும் சமாச்சாரம், ஐம்பது நூறு தப்பாகக் காட்டுவது சர்வசாதாரணம். கண்ணாடிக்குப் பின்னால் டாஷ்போர்டு மேல் கையடக்கமான ஆப்டிகல் டாக்கோமீட்டர் ஒன்றை வைத்து ப்ரொப்பெல்லர் சுற்றுவதை நேராக அளக்கலாம். எங்களுடையது 2,400 என்று காட்டும்போது உண்மையில் 2,460 ஓடிக்கொண்டிருந்தது. அந்த 60-ஐத் திருத்தாமல் கையேட்டு அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், "நம்ம வண்டி ஏன் இவ்வளவு குடிக்குது" என்று ஆயுசுக்கும் புலம்பிக்கொண்டிருக்கலாம். ஒரு துண்டு டேப்பில் திருத்தத்தை எழுதி மீட்டருக்கடியில் ஒட்டியிருக்கிறோம், வெயிலில் மஞ்சளாகிப் போய் ஒரு மூலை பிய்ந்து தொங்குகிறது, இன்னும் அதுதான் வேலை செய்கிறது.

மற்றது ஃபியூயல் ஃப்ளோ மீட்டர். எங்கள் விமானத்தோடு வந்ததல்ல, பின்னால் மாட்டியது. மாட்டியதும் சரியாகக் காட்டாது, பம்ப் சொல்லும் கேலனோடு ஒப்பிட்டு அதன் அமைப்பில் இருக்கும் ஒரு எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த வேண்டும். இதற்கு எப்போதும் ஒரே பம்ப், தரையில் ஒரே இடம், டேங்க் வாய்வரை ஒரே அளவு. எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரை இடது அல்லது வலது டேங்குக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும், இரண்டுக்கும் பொதுவாக விட்டால் ஒரு டேங்கிலிருந்து மற்றதுக்குப் பெட்ரோல் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும், நிறைந்ததாக நினைத்த டேங்க் நிறைந்திருக்காது. மீட்டர் இல்லாதவர்களும் அளக்கலாம். பைப்பர் செரோக்கி என்ற சின்ன விமானம் வைத்திருப்பவர்களுக்கு ரொம்ப வசதி: ஒரு டேங்கில் ஏறி, நிலைத்தபின் மற்ற டேங்குக்கு மாற்றி ஒரு மணி நேரம் ஓட்டி, திரும்பவும் பழைய டேங்குக்கே மாறி இறங்கினால், இரண்டாவது டேங்கில் நிரப்புகிற அளவுதான் அந்த ஒரு மணி நேரத்துக்கான செலவு. 172-ல் ஏறவும் இறங்கவும் செலக்டர் இரண்டு டேங்கிலும் இருந்தாக வேண்டும், அதனால் இந்த வழி அவ்வளவு சுத்தமாக வராது.

எங்களுக்கு வந்த எண்கள், 8,000 அடியில், இரண்டு பேர், முக்கால் டேங்க். 2,600 ஆர்பிஎம்மில் 117 நாட், மணிக்கு 8 கேலன். 2,400-ல் 106 நாட், 6.5 கேலன். 2,200-ல் 94 நாட், 5.6 கேலன். சக்கர மூடிகள் எங்கள் வண்டியில் இல்லை, அதனால் கையேட்டைவிட இரண்டு நாட் குறைவு என்பது எதிர்பார்த்ததுதான். இதைச் சித்தப்பா கணக்குக்கு மாற்றினால் லிட்டருக்கு 7.2, 8.0, 8.2 கிலோமீட்டர். பார்த்தீர்களா, 2,600-லிருந்து 2,400-க்கு இறங்கினால் நல்ல லாபம். அங்கிருந்து 2,200-க்கு இறங்கினால் 12 நாட் போகிறது, கிடைப்பது சில்லறை. கார்சன் வேகம் எங்கள் கணக்கில் 2,200-க்கும் 2,300-க்கும் நடுவில் எங்கோ விழுகிறது. இன்ஜினின் சொந்தச் செலவையும் சேர்த்தால் அது 2,400-ஐ நோக்கி மேலே நகர்கிறது என்பது என் முடிவு.

இனி பணம். இங்கேதான் பல பேர் தப்பான விஷயத்தை மிச்சம்பிடிக்கிறார்கள். நீங்கள் விமானத்தை வாடகைக்கு எடுக்கிறீர்கள், மணிக் கட்டணத்திலேயே பெட்ரோலும் அடக்கம், இன்ஜின் ஓடும் நேரத்தை ஹாப்ஸ் மீட்டர் எண்ணுகிறது என்றால், மெதுவாகப் போவது உங்கள் காசை எடுத்து விமானச் சொந்தக்காரருக்குக் கொடுப்பது. மிக்ஸ்சரைச் சரியாக வைத்துக்கொண்டு, 75 சதவீதத்தில் பறந்து, வேலையை முடியுங்கள். பெட்ரோல் தனி, ஹாப்ஸ் வாடகை தனி என்றால் நடுவாந்திரம். உதாரணமாக மணிக்கு 40 டாலர் இன்ஜின், பராமரிப்பு வகையில் எடுத்துவைக்கிறோம், பெட்ரோல் கேலன் 6.50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2,600-ல் ஒரு கடல் மைலுக்கு 79 சென்ட், 2,400-ல் 78, 2,200-ல் 81. ஏறக்குறைய ஒரே விலை, ரொம்ப மெதுவாகப் போனால்தான் நஷ்டம்.

எங்கள் கூட்டணியில் டாக்கோமீட்டர் மணி நேரம்தான் கணக்கு. அது கடிகாரம் பார்ப்பதில்லை, இன்ஜின் சுற்றுகளை எண்ணுகிறது. கோணம் மாறாத ப்ரொப்பெல்லர் மரத்துக்குள் இறங்கும் திருகாணி மாதிரி, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரே தூரம்தான் முன்னே போகும். மேலே கொடுத்த எண்களை வைத்தே பாருங்கள், ஆர்பிஎம்மை நாட்டால் வகுத்தால் 22.2, 22.6, 23.4. அதாவது மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் டாலஸிலிருந்து ஒரு ஊருக்குப் போக டாக்கோவில் ஓடும் எண் கிட்டத்தட்ட ஒன்றே. ஓ-320-க்கு 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓவர்ஹால் என்று லைகமிங் சொல்வதில், மெதுவாகப் பறந்ததற்காக எங்கள் பங்குக்கு ஒன்றும் பெரிதாகக் கூடுவதில்லை. அப்போது மீதி இருப்பது பெட்ரோல் மட்டும்தான், அதில் 2,400 தெளிவாக ஜெயிக்கிறது. ஆக, எந்த வேகம் சிக்கனம் என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் பில் எந்த மீட்டரில் ஓடுகிறது என்று பாருங்கள்.

இதுவரை சொன்னது காற்றில்லாத நாளுக்கு. மேற்கு டெக்சாஸ் பக்கம் பறந்தவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு நாள் அங்கே கிடையாது. 30 நாட் எதிர்காற்று என்று வையுங்கள். 2,600-ல் தரை வேகம் 87, லிட்டருக்கு 5.3 கிலோமீட்டர். 2,400-ல் 76, 5.7. 2,200-ல் 64, மைலேஜ் 5.6, அதாவது குறைந்துவிட்டது! எதிர்காற்றில் ரொம்ப மெதுவாகப் போனால், மிச்சம்பிடிக்கும் பெட்ரோலைவிட காற்று நம்மைப் பிடித்துவைத்திருக்கும் கூடுதல் நேரத்துக்கான பெட்ரோல் அதிகமாகிவிடுகிறது. 20 நாட் பின்காற்றில் கதை தலைகீழ்: 8.4, 9.5, 10.0. எதிர்காற்றில் வேகத்தைக் கூட்டு, பின்காற்றில் குறை என்று சொல்வது இதனால்தான். மனசு சொல்வதும் அதேதான், எதிர்காற்றில் சலிப்பு வந்து த்ராட்டிலைத் தள்ளத் தோன்றும், ஒரு அளவுவரை தள்ளலாம்.

பறந்துகொண்டிருக்கும்போது இதற்கு அட்டவணை எதுவும் வேண்டாம். ஜிபிஎஸ் காட்டும் தரை வேகத்தை ஃபியூயல் ஃப்ளோவால் வகுங்கள். 100 ஆர்பிஎம் குறையுங்கள், மிக்ஸ்சரைத் திரும்பச் சரிசெய்யுங்கள், மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள், திரும்ப வகுங்கள். எண் கூடினால் சரி, குறைந்தால் பழைய இடத்துக்கே போங்கள். சில மீட்டர்கள் ஜிபிஎஸ்ஸோடு பேசி இந்த வகுத்தலைத் தாங்களே செய்து காட்டும்.

நாங்கள் அடிக்கடி போகும் டாலஸ், சாண்டா ஃபே பாதையை எடுத்துக்கொள்கிறேன், சுமார் 480 கடல் மைல். போகும்போது வழக்கமாக மேற்கிலிருந்து வரும் காற்று எதிரே நிற்கும், 20 நாட் என்று வைப்போம். ஏறுவதற்கு மட்டும் கூடுதலாக 2 கேலன். 2,600-ல் போனால் மொத்தம் 41 கேலனுக்கு மேல், டேங்கில் இருப்பதோ 40. 2,400-ல் 38 கேலன் சொச்சம். 2,200-க்கு இறங்கினாலும் அதே 38 சொச்சம்தான், ஆறரை மணி நேரம் உட்கார்ந்த முதுகுவலி மட்டும் கூடுதல். பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பெட்ரோல் மிச்சம் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும் என்பது இங்கே சட்டம். இதில் அதற்கே இடமில்லை, நான் எனக்கென்று வைத்திருக்கும் ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவே அமரில்லோவில் இறங்கியே தீர வேண்டும். இறங்குவது என்று முடிவான பிறகு மெதுவாகப் போவதில் அர்த்தமில்லை, 2,500, 2,600-ல் வைத்து விரட்டலாம். அரைகுறையாக மிச்சம்பிடித்து, போய்விடலாம் போலிருக்கிறதே என்று மனசைத் தடுமாறவிடுவதுதான் ஆபத்து.

திரும்பும்போது அதே காற்று முதுகுக்குப் பின்னால். 15 நாட் என்று கொஞ்சமாகவே கணக்குப் போடுவோம். 2,600-ல் 3 மணி 40 நிமிடம், ஏறுவதற்கும் சேர்த்து 31 கேலன், கையில் 9 மிச்சம். 2,400-ல் 4 மணி நேரம், 28 கேலன், மிச்சம் 12. இருபது நிமிடம் தாமதம், மூன்று கேலன் லாபம். பணமாகப் பார்த்தால் இருபது டாலர், அதற்காக யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள். ஆனால் டாலஸ் பக்கம் சாயங்காலம் இடிமழை கட்டிக்கொண்டு நின்றால் அந்த மூன்று கேலன் கிட்டத்தட்ட அரை மணி நேரம். சுற்றிப் போகலாம், அபிலீனில் இறங்கிக் காத்திருக்கலாம். வழியில் பெட்ரோலுக்கு ஒருமுறை இறங்கினால் இறக்கம், விமானத்தைத் தரையில் ஓட்டிப் போகும் டாக்ஸி, பம்ப் அட்டை வேலை செய்யாமல் மல்லுக்கட்டுவது, திரும்ப ஏறுவது என்று ஒரு மணி நேரம் போய்விடும். இருபது நிமிடம் மெதுவாகப் போய் அந்த நிறுத்தத்தைத் தவிர்த்தால் வீட்டுக்குச் சீக்கிரம் வருவது மெதுவாக வந்தவர்தான்.

உயரம் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை உண்டு, மேலே போனால் பெட்ரோல் மிச்சம் என்று. ஜெட்டுக்குச் சரி. நம் வகை இன்ஜினுக்கு, ஒரே இன்டிகேட்டட் வேகத்தில் பறந்தால் இழுவை எந்த உயரத்திலும் ஒன்றே, ஆகவே ஒரு மைலுக்கான பெட்ரோலும் கிட்டத்தட்ட ஒன்றே. உயரம் தருவது நேரம். அதே இழுவைக்கு 8,000 அடியில் நிஜ வேகம் 12, 13 சதவீதம் அதிகம். கூடவே த்ராட்டில் நன்றாகத் திறந்திருக்கும் என்பதால் இன்ஜினும் கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிடும். ஏறுவதற்கு எரித்ததில் ஒரு பங்கை இறங்கும்போது திரும்பப் பெறலாம், அதுவும் முன்கூட்டியே இறங்க ஆரம்பித்தால்தான். 9,500 அடியிலிருந்து டாலஸுக்கு நிமிடத்துக்கு 400 அடி என்று இறங்கினால் 20 நிமிடம், 45 கடல் மைலுக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். ஓடுபாதைக்குப் பக்கத்தில் வந்து த்ராட்டிலை மூடித் தொபுக்கென்று இறங்குபவர்கள் ஏறியதற்குக் கொடுத்த காசைத் தூக்கிப் போடுகிறார்கள். எதிர்காற்று மேலே போகப் போகக் கூடினால் கீழேயே இருங்கள், இங்கே அதற்கும் எல்லை உண்டு, அமரில்லோவே 3,600 அடி, சாண்டா ஃபே 6,300 அடிக்கு மேல். 12,500 அடிக்கு மேல் அரை மணிக்கு மேல் இருந்தால் பைலட்டுக்கு ஆக்சிஜன் கட்டாயம், 172என் அங்கே ஏற எடுக்கும் நேரத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சே எழாது.

மிக்ஸ்சரைச் சொல்லாமல் இதெல்லாம் வீண். மிக்ஸ்சரின் சிவப்புக் குமிழை முழுசாக உள்ளே தள்ளிவைத்துக்கொண்டு வேகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்வது வேடிக்கை, 8,000 அடியில் மணிக்கு ஒன்றரை இரண்டு கேலன் சும்மா புகையாகப் போகும். பவர் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எந்த உயரத்திலும் மிக்ஸ்சரைக் குறைக்கலாம் என்று லைகமிங்கே சொல்கிறது. 172என் கையேட்டின் அட்டவணை, எக்ஸாஸ்ட் வெப்பம் உச்சத்துக்குப் போனபின் 50 டிகிரி ஃபாரன்ஹீட் ரிச் பக்கம், அதாவது பெட்ரோல் கூடுதலான பக்கம், வரும் அமைப்புக்கானது, சிக்கனத்துக்கு உச்சத்திலேயே வைக்கலாம் என்கிறது. வெப்ப மீட்டர் இல்லையென்றால் இன்ஜின் லேசாக முரடாகும்வரை மெதுவாக வெளியே இழுத்து, சீராகும்வரை கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். கார்புரேட்டர் இன்ஜினில் நாலு சிலிண்டருக்கும் ஒரே கலவை போகாது, ஒன்று முதலில் இருமும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டைக் கொஞ்சமாகத் திறந்தால் கலவை சீராகி இன்னும் கொஞ்சம் குறைக்க முடிவதுண்டு, எங்கள் வண்டியில் குளிர்காலத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ல், புகழ்பெற்ற விமானி லிண்ட்பர்க் பசிபிக் போர்முனையில் பி-38 போர்விமான பைலட்டுகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்தப் பாடம்தான்: ஆர்பிஎம்மைக் குறை, இன்ஜினுக்குள் போகும் காற்றின் மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கூட்டு, மிக்ஸ்சரைக் குறை. இன்ஜின் கெட்டுப்போகும் என்று முதலில் பயந்தவர்கள், அவர் அதே பயணம் போய்வந்து தங்களைவிட அதிகப் பெட்ரோலோடு இறங்குவதைப் பார்த்து நம்பினார்கள். ப்ரொப்பெல்லர் கோணத்தை மாற்ற முடிகிற விமானம் வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு த்ராட்டிலும் ஆர்பிஎம்மும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை, கையில் இருப்பது சிவப்புக் குமிழ் மட்டும்.

எடையும் கணக்கை மாற்றும். சிக்கன வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். 2,300 பவுண்டில் 65 என்றால், நான் மட்டும் தனியாகப் பாதி டேங்கோடு 1,900-ல் பறக்கும்போது 59, கார்சன் வேகம் 78. 1986-ல் நிற்காமல், பெட்ரோல் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானம் சுமார் 4,400 கிலோவில் கிளம்பியது, அதில் கிட்டத்தட்ட 3,200 கிலோ பெட்ரோல். கடைசியில் எடை கால் பங்குக்குச் சற்று மேலே வந்து நின்றபோது, இந்த வாய்ப்பாட்டின்படி அதற்கேற்ற வேகம் கிளம்பியபோது இருந்ததில் பாதிதான். நம் 172-ல் 40 கேலன் தீர்ந்தால் குறைவது 240 பவுண்ட், அதாவது சிக்கன வேகத்தில் மூன்று நான்கு நாட், அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இறக்கை முன்விளிம்பில் காய்ந்து ஒட்டிய பூச்சிகளைத் துடைப்பது, விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் ஸ்லிப் பந்தை நடுவில் வைப்பது, எடை எல்லைக்குள் சாமான்களைச் சற்றுப் பின்னால் வைப்பது, இதெல்லாம் ஓசியில் கிடைக்கும் ஒன்றிரண்டு நாட்.

குறைந்த பவரில் ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. பாதி மூடிய த்ராட்டில், ஈரக்காற்று, இரண்டும் சேர்ந்தால் கார்புரேட்டரில் பனி பிடிக்கும், வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் பிடிக்கும். கோணம் மாறாத ப்ரொப்பெல்லரில் அதன் முதல் அறிகுறி, ஆர்பிஎம் சத்தமில்லாமல் 50, 60 இறங்குவது. அப்போது த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளிச் சமன்செய்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள், முதலில் கார்ப் ஹீட்டை முழுசாக இழுங்கள், இன்ஜின் ஒரு நிமிடம் கரடுமுரடாக ஓடினாலும் விடாதீர்கள், அது உருகிய தண்ணீரைக் குடிக்கும் சத்தம். நம் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது, குளிர்ந்த இன்ஜினில் ரிச் கலவையோடு மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் பிளக்கில் ஈயம் படியும், தரையில் டாக்ஸி செய்யும்போதே மிக்ஸ்சரைக் குறைத்துப் பழகுங்கள். புது சிலிண்டர் மாட்டியிருந்தால் இந்தச் சிக்கனம் எதுவும் கூடாது, ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை 75 சதவீதத்துக்குக் குறையாமல் ஓட்டத்தான் வேண்டும், பிஸ்டன் ரிங் சரியாக உட்காராவிட்டால் பின்னால் அழவேண்டியிருக்கும்.

கடைசியாக, நீங்களே அளந்து ஒரு சின்ன அட்டை எழுதிக்கொள்ளுங்கள். எங்களுடையதில் மூன்றே வரி, ஆர்பிஎம், நாட், கேலன், அவ்வளவுதான், சன் வைசரில் செருகியிருக்கிறது. கேலனை மட்டும் நாங்கள் அளந்ததைவிட அரை கேலன் கூட்டி எழுதியிருக்கிறோம்.